புது உறைக்குள் பழைய படம்

என் மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது எனக்குக் கழுத்து வலி வந்தது. பால் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் பிடரியிலிருந்து வலது கை விரல் வரை மரத்துப்போகும். தூக்கி வைத்திருக்கும்போது பிள்ளையை நழுவ விட்டுவிடுவேனோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கழுத்தெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் ஒருவரிடம் போனேன். கைரோபிராக்டர் என்று போர்டு வைத்திருந்தார். திண்டுக்கல்லில் அப்போது அது புதுச் சொல். படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார்.

"கழுத்துன்னா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கணும்மா. உங்களுக்குக் கம்பு மாதிரி நிக்குது. அஞ்சாவது எலும்பு வேற நகந்திருக்கு. பிள்ளையத் தூக்கவே கூடாது."

கூட வந்த மதினிக்கு, என் கணவரின் அக்காவுக்கு, மனசு ஆறவில்லை. சின்னாளபட்டியில் அதே வைத்தியம் பார்க்கும் இன்னொருவரிடம் அழைத்துப்போனார். அவர் அதே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வளைவு நல்லாத்தான இருக்கு. அஞ்சாவதுல ஒண்ணுமில்ல. ரெண்டாவதுதான் லேசாத் திரும்பியிருக்கு. பிள்ளையத் தாராளமாத் தூக்குங்க."

திரும்பும் பஸ்ஸில் மதினி கேட்டார்: "ஏத்தா, ஒங் கழுத்துல மொத்தம் எத்தனை எலும்புதான் இருக்கு?"

"ஏழு மதினி."

"ரெண்டு பேரு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. இன்னும் அஞ்சு பேரப் பாக்கலாம் போ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கக் கூடாது என்று ஒருவர் சொன்ன பிறகும் தூக்கி, ஏதாவது ஆகிவிட்டால் அது என் தவறு. தூக்காமல் இருந்தால் யாருடைய தவறும் இல்லை. அப்படித்தான் யோசித்தேன். முதலாமவரையே நம்பினேன்.

மதினி இரண்டு தெரு தள்ளி இருந்தார். காலையில் வந்தால் விளக்கு வைத்த பிறகுதான் போவார். நான் படுத்தபடி பால் கொடுப்பேன். அவள் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்து எழுந்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி அழுவாள். "மதினி, இவளச் செத்த எடுங்க" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிடுவேன். வாரம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்காரரிடம் போய்க் கழுத்தைச் சரிசெய்துகொண்டு வந்தேன். ஏழு மாதம் போனது. வலி குறைந்ததா என்று கேட்டால் எனக்கே நிச்சயமில்லை.

புதுப் படம் எடுத்து வரச் சொன்னார். எடுத்தேன். கிளம்பும் முன் பழையதையும் புதியதையும் சன்னல் கம்பியில் சாய்த்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. நேரமாகிவிட்டது, ஒன்றைப் புது உறைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"பாத்தீங்களா, வில்லு திரும்பி வந்திருச்சு!" என்றார் அவர். "அஞ்சாவதும் எடத்துல உக்காந்திருச்சு. இன்னும் மூணே மாசம் தூக்காம இருங்க." அங்கேயே சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் வேடசந்தூர் மில் பஸ்ஸில் வந்து இறங்கிய கணவரிடம் படத்தைக் காட்டினேன். ஓரத்தைப் படித்தார்.

"ஏம்மா, இதுல ஜனவரித் தேதியில்ல போட்டிருக்கு? இது பழைய படம்."

புதியது சன்னலிலேயே சாய்ந்திருந்தது.

அந்த வைத்தியர் பொய் சொன்னார் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. நன்றாகியிருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தார், நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் என்ன எதிர்பார்த்துப் பார்த்தாரோ. அந்த ஒரு பார்வைக்காக ஏழு மாதம் கையைக் கட்டிக்கொண்டிருந்தவள் நான்.

மதினி பிள்ளையை இடுப்பில் வைத்து வாசலில் நின்றிருந்தார். போய்க் கையை நீட்டினேன். "வா தங்கம், அம்மா தூக்குறேன்."

அவள் மதினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்டப் போடி கழுதை" என்று மதினி அவளை என் பக்கம் சாய்த்தார். அவள் வீறிட்டு, நெளிந்து கீழே இறங்கினாள். நடக்கப் பழகிவிட்டிருந்தாள். அத்தையின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். மதினி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார்.

நான் நீட்டிய கையோடு வாசலில் நின்றேன். அன்று கை மரத்துப்போகவில்லை.