எலும்புக்கு ஒரு வாக்குத்தத்தம்

புது வருட ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் தட்டு நிறைய வாக்குத்தத்தச் சீட்டுகளை நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் வசனம்தான் அந்த வருடம் முழுவதும் கர்த்தர் நமக்குத் தரும் வாக்கு. எனக்கு இந்தப் பழக்கமே எரிச்சல். வேதம் என்ன கிளி ஜோசியமா என்று கேட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி. தம்பி ராணுவத்தில், காஷ்மீரில் இருந்தான். அவனுக்காகவும் அம்மா ஒரு சீட்டு எடுத்தாள். நீதிமானின் எலும்புகளைக் கர்த்தர் காக்கிறார், ஒன்றும் முறியாது என்ற பொருளில் ஒரு சங்கீத வசனம் வந்தது. ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் சபைக் கோயிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு வரை அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றே தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அந்தத் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். ஆண்டாளுக்கு மாலை கட்டும் பக்கத்து வீட்டு அக்காகூட, "உங்க சாமியே சொல்லிட்டார்ல, பொறவென்ன கவலை?" என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு தம்பியின் கடிதம் நின்றுபோனது. அங்கே குண்டு வெடிப்பதும் சிப்பாய்கள் சாவதும் பேப்பரில் வந்துகொண்டே இருந்தன. நான் பேப்பரை ஒளித்து வைக்க ஆரம்பித்தேன். அம்மா மட்டும் அசையவில்லை. வாக்கு இருக்கிறதே!

பெரிய வெள்ளி வந்தது. மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் போதகர் தீர்க்கதரிசனங்களை எடுத்துக்கொண்டார். மேசியாவைப் பற்றி எபிரெய வேதத்தில் எப்போதோ எழுதிவைத்தவை சிலுவையில் எப்படி நிறைவேறின என்று வரிசையாகக் காட்டினார். உடைக்காகச் சீட்டுப் போட்டது, தாகத்துக்குக் காடி கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது, ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எலும்புக்கு வந்தார். பஸ்கா பண்டிகைக்குப் பலியிடும் ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்பது மோசே காலத்துக் கட்டளை. சங்கீதத்திலும் அதே பேச்சு. இரண்டு பக்கமும் உயிரோடு தொங்கிய கள்வர்கள் சீக்கிரம் சாகட்டும் என்று அவர்கள் கால்களைச் சிப்பாய்கள் முறித்தார்கள். இயேசுவிடம் வந்தபோது அவர் ஏற்கெனவே இறந்திருந்தார். அதனால் முறிக்கவில்லை. "வேதவாக்கு அப்படியே நிறைவேறிற்று" என்றார் போதகர்.

அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எலும்பு ஒடியலேன்னா செத்தாச்சுன்னுதான அர்த்தம்?"

"அது இயேசுவுக்குச் சொன்னதும்மா. அவர்ட்ட நிறைவேறி முடிஞ்சுபோச்சு. தம்பிக்குச் சொன்னதில்ல."

"அப்ப என் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கு? எங்க இருக்கு? காட்டுட்டி."

நான் பையிலிருந்த வேதத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து அவள் ஜெபம் மாறிவிட்டது. "ஆண்டவரே, அவனுக்கு ஒரு எலும்பாவது ஒடியட்டும். ஒடிஞ்சு உயிரோட கெடக்கட்டும்." அது காதில் விழ, பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏட்டி, ஒங்கம்மைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கும் அதே பயம்தான்.

ஈஸ்டர் போனது. செய்தி இல்லை. அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்குப் போன் வந்தது. அம்மாதான் ஓடி எடுத்தாள். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியே பேசினான். வண்டி பள்ளத்தில் உருண்டு தொடை எலும்பு முறிந்து, பல வாரங்களாகப் படுக்கையில் கிடந்திருக்கிறான். நீ பயப்படுவாய் என்றுதான் எழுதவில்லை என்றான்.

"ஒடிஞ்சிருச்சா? நல்லா ஒடிஞ்சிருச்சாய்யா?" அம்மா சிரித்தாள், அழுதாள், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆச்சு இவளுக்கு என்று அவன் அங்கிருந்து கத்துவது எனக்கே கேட்டது.

அடுத்த ஞாயிறு அம்மா ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். எதற்காக நன்றி என்று சபையில் வாசிப்பது வழக்கம். கவரில் அவள் எழுதியிருந்ததைப் பார்த்துப் போதகர் திகைத்தார். தவறுதலாக எழுதிவிட்டாள் என்று நினைத்து, "மகனுக்குக் கால் முறிந்தும் உயிர் தப்பியதற்காக" என்று திருத்தி வாசித்தார்.

கோயிலில் வாயே திறக்காத அம்மா எழுந்து நின்றாள்.

"இல்லைய்யா. ஒடிஞ்சதுக்குத்தான்."