காற்று பிடிக்கிறவளின் காது

பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிற வேலைக்குப் பொம்பளையா என்று வாயைப் பிளந்தவர்களுக்கெல்லாம் என் மருமகள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "காத்துக்கு ஏதுங்க ஆம்பள பொம்பள? டயரைக் காட்டுங்க."

லாரிக்காரர்கள் அவளுக்குக் காத்துக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சிரிப்பென்றால் சும்மா இல்லை. கீழே என் மகனுடைய சைக்கிள் கடை, மேலே எங்கள் இரண்டு அறை வீடு. அவள் மேலே சிரித்தால் கீழே ஸ்பேனரைப் பிடித்திருக்கும் கை ஒரு நிமிஷம் நிற்கும். பேத்தியும் அப்படியே, தாயைப் போலப் பிள்ளை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தால் எனக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அதெல்லாம் அந்த லாரி வருகிற வரைக்கும்.

பின்சக்கரத்து டயர் பக்கவாட்டில் லேசாக உப்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல வேண்டாம்ணே" என்றிருக்கிறாள். டிரைவர், "இன்னும் கொஞ்சம் வைம்மா, லோடு ஏத்தணும்" என்றிருக்கிறான். இவள் குழாயைப் பிடுங்கக் குனிந்தாள். படார்!

டயர் வெடித்துத் தூக்கி எறிந்ததில் முழங்கையில் மண் ஒட்டியது, அவ்வளவுதான். ஒரு கீறல் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ரத்தம் வந்திருந்தால் நாலு பேர் நம்பியிருப்பார்கள். "நல்ல நேரம், தப்பிச்சே" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டீயைக் குடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம், யார் இங்கே இப்படி விடாமல் கத்துகிறார்கள் என்று. யாரும் கத்தவில்லை. அது அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

எப்படித்தான் இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி ஒரு சீறல் வருமே அத்தை, அது. ஆனா விசில் வராது. வரப்போகுது, வரப்போகுதுன்னே இருக்கு, நாள் முழுக்க."

அதைக் கேட்ட பிறகு குக்கரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரைச்சலைக் கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளைத் தின்றது பயம். தெருவில் ஒரு பைக் சடாரென்று முடுக்கினால் போதும், சுவரோடு ஒட்டிக்கொள்வாள், கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். "சத்தம் வந்தா இரைச்சல் இன்னும் ஒரு படி ஏறிடுமோன்னு இருக்கு. ஏறிட்டா இறங்கவே இறங்காதோன்னு இருக்கு" என்பாள். காதில் பஞ்சு வைக்க ஆரம்பித்தாள். முதலில் வெளியே போகும்போது, பிறகு சமைக்கும்போது, பிறகு தூங்கும்போதும். வேலைக்குப் போவது நின்றது. காது டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "கேட்கிறது நல்லாத்தான் இருக்கு, இரைச்சல் போகப்போகப் பழகிடும்" என்று சொல்லி அனுப்பினார். பழகுகிறவரைக்கும் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி ஒருத்தி படியேறி வந்து, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேலைக்கு அனுப்புங்க, சரியாயிடும்" என்றாள்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். வந்த வழி அதோ இருக்கு, மெதுவா இறங்கிப் போ. படியில தடதடன்னு சத்தம் போடாதே" என்றேன்.

என் மகன் அதிகம் பேச மாட்டான். பெண்டாட்டிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தான். கடையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபையெல்லாம் மேலே தூக்கி வந்து வெட்டினான். கதவு நிலையில் ரப்பர். நாற்காலிக் காலில் ரப்பர். பாத்திர அலமாரித் தட்டு முழுக்க ரப்பர். டம்ளருக்கு அடியில் வட்டமாக வெட்டி ஒட்டினான். கீல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டான். பிள்ளையின் செருப்பில்கூட ஒரு துண்டு ஒட்டியாயிற்று. குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டோம். மிக்சியைக் கீழே கடையில் வைத்து அரைத்தோம். சில நாள் துவையலில் கிரீஸ் வாசம் வரும், பேசாமல் தின்றோம். வீடு ரப்பர் செருப்புக் கடை போல நாறியது. ஆனால் ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது.

எல்லோரும் பூனை நடை நடந்தார்கள். நான் மட்டும் மாட்டேன் என்றுவிட்டேன். இந்த வயசில் என் வாய்க்கு ரப்பர் ஒட்ட முடியுமா? எனக்கு நானே பேசிக்கொண்டுதான் எழுந்திருப்பேன், பேசிக்கொண்டுதான் நடப்பேன். "அம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா?" என்று மகன் கெஞ்சினான். "நான் செத்தா மூடுவேன், அப்ப ஒட்டுடா ரப்பரை" என்றேன்.

நடந்தது என்ன தெரியுமா? ஒருநாள் அவள் அடுப்படியில் நிற்கிறாள். இவன் தண்ணீர் குடிக்கப் பின்னால் வந்திருக்கிறான். கீல் பேசவில்லை, கதவு பேசவில்லை, கால் பேசவில்லை. அவள் திரும்பினால் முகத்துக்கு நேரே ஒரு ஆள்! வீல் என்று கத்தினாள். அந்தக் கத்தலில் இவன் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. ரப்பர் அடியில்தானே இருக்கிறது, டம்ளர் விழுந்தது பக்கவாட்டில். கணீரென்று உருண்டு அலமாரிக் காலில் முட்டியது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், காதைப் பொத்திக்கொண்டு, முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டு. இவன் பக்கத்தில் போகவும் பயந்து, விலகவும் மனசில்லாமல் திருடன் மாதிரி நின்றான்.

"உங்களைத்தான் எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க. எங்க இருந்து வர்றீங்கன்னே தெரியல" என்றாள்.

பாவம், அவன் அன்று சாப்பிடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அங்கே நடந்த ஏதோ கூத்தை என்னிடம் சொன்னாள். வாத்தியார் நாற்காலியோ, பல்லியோ, எனக்கு நினைவில்லை. சொல்லும்போதே குழந்தைக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சட்டென்று திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

என் மருமகள் அதைப் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வீடு ஊருக்கு வெளியே தள்ளி, ரோடு முடிகிற இடத்தில் இருக்கிறது. கிழவி ஒருத்திதான், வண்டிச் சத்தம் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை கிளம்பறேன் அத்தை. பாப்பா இங்க அப்பாகிட்டயே இருக்கட்டும், பள்ளிக்கூடம் இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. என் பொண்ணு சிரிக்கிறதுக்கு என் மூஞ்சியப் பாத்து அனுமதி கேக்குது அத்தை. நான் இல்லைன்னா நல்லாச் சிரிக்கும்."

"தாய் இல்லாத வீட்டுல எந்தப் பிள்ளைடி சிரிக்கும்?"

அடுத்த சேலையை எடுத்து மடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று சாதிக்கிறவள், ஊருக்கே தெரியும். "போறதுன்னா போ. இன்னொரு இடத்துல காதைக் காட்டிட்டுப் போ. இல்லைன்னா வாசப்படியில படுத்துக்குவேன், தாண்டிக்கிட்டுப் போ" என்றேன். மூன்று பேரும் போனோம்.

அங்கே காது சோதிக்கிற பெண் சின்ன வயசுக்காரிதான். கதவு தடிமனாக, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த சின்ன அறை ஒன்றில் இவளை உட்கார வைத்துச் சாத்தினாள். கண்ணாடி வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் இவள் கதவைத் தட்டுகிறாள். வெளியே வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள ஒண்ணுமே கேக்கல. அதனால இதுதான் கேக்குது. சங்கு ஊதற மாதிரி கேக்குது."

அந்தப் பெண் அவளை மெதுவாக உட்கார வைத்து, "வீட்டுல எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

என் மகன் முந்திக்கொண்டான். ரப்பர், கீல், டம்ளர், பரண் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தான். அவன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அண்ணே, இந்த ரூமையே நீங்க வீட்டுல கட்டி வெச்சிருக்கீங்க" என்றாள்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண் அவனைக் குறை சொல்லவில்லை. இருட்டறையிலேயே இருந்தால் ஜன்னல் வெளிச்சமும் கண்ணைக் குத்துமல்லவா, காதும் அப்படித்தான் என்றாள். நிஜமாகவே பெரிய சத்தம் இருக்கிற இடத்தில் காதை மூடிக்கொள். வீட்டுச் சத்தத்துக்கு மூடாதே. பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. ஃபேனோ ரேடியோவோ ஏதாவது லேசாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். சின்னச் சத்தங்களை நீயே உன் கையால் போட்டுப் பழகு. "இரைச்சல் போயிடுமா?" என்று இவள் கேட்டாள். "போகும்னு சொல்ல மாட்டேன். பயம் குறைஞ்சா அது பெருசாத் தெரியாது, நிறையப் பேருக்கு அப்படி ஆகியிருக்கு. நாளாகும்" என்றாள். பொய் சொல்லாததால் எனக்கு அவளைப் பிடித்தது.

திரும்பி வரும் வழியில் என் மருமகள் சொன்னாள், "அத்தை, இந்த வீட்டுல என்னைத் தூக்கிவாரிப் போடாத ஒரே ஆளு நீங்கதான். தெருமுனையில இருந்தே புலம்பிக்கிட்டு வருவீங்க."

"கேட்டுக்கோடா" என்றேன் மகனிடம். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

வந்ததும் உட்கார்ந்து ரப்பரை உரித்தான். ஒட்டும்போது இருந்த வேகம் இல்லை. கத்தி முனையால் நெம்பி நெம்பி, பிசினைச் சுரண்டி. இவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரப்பர் உரித்த அலமாரியில் சாப்பாட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து வைத்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். சிலது வைக்க முடியாமல் மடியிலேயே இருந்தன. ஒரு தட்டு கை நழுவிச் சத்தமாக விழுந்ததும் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் மறுபடி வந்தாள். ஆனால் பையை அவிழ்க்கவில்லை. ஞாயிறு ஞாயிறுதான் என்றாள். எனக்கிருக்கிற பிடிவாதம் அவளுக்கும் உண்டு.

சனிக்கிழமை பேத்தியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். காதில் பஞ்சு இல்லை. "பாப்பா, நீ சிரி. அம்மா கேக்கறேன்."

குழந்தை விழித்தாள். "சிரின்னா எப்படிம்மா சிரிக்கிறது?"

"சும்மா சிரி."

"ஹி ஹி" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் பாவமாக இருந்தது. "ஹா ஹா" என்றாள், அதைவிட மோசம். நான் ஒரு கதை சொன்னேன். "இது பழசு பாட்டி" என்றுவிட்டாள்.

அந்த நேரம் என் மகன் கீழேயிருந்து வந்தான். இப்போதெல்லாம் படியிலேயே இருமிக்கொண்டு வருவது வழக்கம். இருமல் வராத ஆள், வம்படியாக இருமுகிறான். இரண்டாம் படியில் போலி இருமல், நாலாம் படியில் போலி இருமல், வாசலுக்கு வந்ததும் அது நிஜ இருமலாகப் பிடித்துக்கொண்டது. நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வழிய, "நா... நான்தான்... வர்றேன்" என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பேத்தி வெடித்துவிட்டாள். பழைய சிரிப்பு. ஸ்பேனர் நிற்கிற சிரிப்பு.

என் மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை காதுக்குப் போய்விட்டது, முகம் வெளுத்தது. குழந்தை அதைப் பார்த்து, பாதியில் வாயை மூடப்போனாள்.

"மூடாத!" என்று கத்தினாள் இவள். வீடு அதிரக் கத்தினாள். "நிறுத்தாத பாப்பா. நான் பாத்துக்கறேன்."

கையைக் காதிலிருந்து எடுக்க அவளுக்கு ரொம்ப நேரமாயிற்று. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை சிரித்தாள், அழுதுகொண்டே சிரித்தாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அன்று இரைச்சல் ஏறித்தான் இருந்தது. பொய் சொல்ல எனக்கென்ன? விடிகிறவரை புரண்டாள். காலையில் பை அதே இடத்தில் இருந்தது. நான் அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு, "என்ன, பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றேன்.

"இன்னைக்குப் போகல அத்தை. இரைச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கு. நாளைக்குக் கேளுங்க."

மறுநாள் கேட்டேன். நாளைக்குக் கேளுங்க என்றாள். அதற்கு மறுநாளும் அதே. சில நாள் நன்றாகப் பேசுவாள். சில நாள் அறைக்குள்ளேயே கிடப்பாள், ரேடியோ மட்டும் லேசாகப் பேசிக்கொண்டிருக்கும். பங்குக்கு இன்னும் போகவில்லை, போவாளா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகலையா என்று மட்டும் தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் பேத்தி என் சேலையைப் பிடித்து இழுத்து, "கேக்காத பாட்டி, ஞாபகப்படுத்தாத" என்றாள். அதிலிருந்து நான் கேட்பதில்லை.