சூலூர் வண்டியின் நெற்றிப் பலகை

பொறாமை இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

சரவணம்பட்டி ஆபீஸ் ஒன்றில் தமிழ் எழுத்துரு வரைவது என் வேலை. பக்கத்து மேசைக்காரி என்னைவிட ஆறு வயது சின்னவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். சூலூரில் ஒரு பஸ் முதலாளி, தன் வண்டிகளில் ஊர்ப்பெயர் காட்டும் நெற்றிப் பலகைக்குத் தடித்த எழுத்து வேண்டுமென்று கேட்டார். ஆளுக்கு ஒன்று வரையுங்கள், அவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள் ஆபீசில். அதுவரை கல்யாணப் பத்திரிகைக்கும் மசாலா பாக்கெட்டுக்கும் வரைந்தே காலம் தள்ளியவள் நான். என் எழுத்து ஊருக்குள் ஓட வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை.

எழுத்தின் சுழிகளுக்குக் காம்பஸால் போட்டதுபோல வட்டம் போட்டேன். கோடு எங்கேயும் ஒரே தடிமன். அவளுடையதை எட்டிப் பார்த்தால், வட்டம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது; கோடுகள் கூடும் இடத்தில் மட்டும் களவாணித்தனமாக இளைத்திருந்தது.

“இதெல்லாம் ஒரு வட்டமா?” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க்கா. தடி எழுத்துன்னா மூலையில கொஞ்சம் இளைச்சுவிடோணுங்க. இல்லீனா தூரத்துல அடைச்சுக்கும்.”

எனக்கே பாடம் எடுக்கிறாளாம்! நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலாளி கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு செய்கிற ஆள் இல்லை. ‘சூலூர்’ என்று எழுதிய எங்கள் இரண்டு பலகைகளையும் இரண்டு வண்டிகளில் மாட்டி, ஷெட்டின் மறுகோடியில் எங்களையும் கண்டக்டரையும் நிறுத்தி, வண்டிகளை எதிரே வரச் சொன்னார். முதலில் என்னுடையது வந்தது.

“ஏனுங்க, லூவுக்குள்ள தாரை ஊத்துனாப்புல அடைச்சுக் கெடக்குதுங்களே?” என்றார் கண்டக்டர்.

அடுத்து அவளுடையது. லூ தூரத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. முதலாளி, “இதையே போட்டுருங்க” என்றுவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

“கிட்ட நின்னு பாத்தா உங்களுதுதானுங்க்கா அழகு” என்றாள் அவள். சும்மா இருந்திருக்கலாம். அந்த ஆறுதலைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த வண்டிகளை விரோதியைப் போலப் பார்த்தேன். என் வீடு கருமத்தம்பட்டியில். அந்த வழியாகத்தான் அவை போகும். எதிர்வெயில், மழை, புழுதி, எதிலாவது அவள் எழுத்து சொதப்பித் தொலையாதா என்று நின்று நின்று பார்ப்பேன். பாழாய்ப்போனது, சொதப்பவே இல்லை.

போன வாரம் சூலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக ஸ்டாப்பில் நின்றேன். கண் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்த ஒருவர் பக்கத்தில் வந்தார்.

“ஏனுங் அம்மணி, அந்தா வாரது எந்த வண்டிங்க?”

“சூலூருங்க” என்றேன் பட்டென்று.

வண்டி இன்னும் பெட்ரோல் பங்க்கைக்கூடத் தாண்டவில்லை. எனக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது. மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். அவசரத்தில் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.