ஈப்போவில் சாப்பிட்ட சோறு

மாமாவின் காக்கிப் பை எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் வெகுகாலம் தொங்கியது. ரத வீதித் தையல்காரரிடம் முரட்டுத் துணி கொடுத்து, இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்ள வார் வைத்துத் தைத்த பை. பினாங்கு, தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், மலாக்கா என்று மலேசியாவின் ஊர்களையெல்லாம் மாமாவின் முதுகில் இருந்தபடி பார்த்து வந்தது. ஓரத்தில் ஏதோ குழம்பு கொட்டிய மஞ்சள் கறை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட அம்மா அதை இறக்க விடமாட்டாள். "வச்ச ஆளு வந்து எடுத்துக்கிட்டுப் போட்டும்" என்பாள். ஆள் கடைசிவரை எடுக்க வரவில்லை.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. சங்கரன்கோவில் வத்தல் மண்டியில் எடை போடுகிற வேலை. கல்யாணமாகாதவர், மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டு ராமன் என்று தெருவே கேலி செய்யும். என் அப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோது மலேசியாவுக்குக் கடை வேலைக்குப் போனவர். முதலில் மாதம் ஒரு கடுதாசி வந்தது, பிறகு தீபாவளிக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, பினாங்கிலிருந்து ஊருக்கு வந்த கடையநல்லூர் பாய் ஒருவர், அப்பாவை அங்கே பார்த்ததாகச் சொன்னார். அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி கப்பல் டிக்கெட்டாக மாறியது. "அத்தானக் கையோட கூட்டிக்கிட்டு வாரேன் யக்கா, நீ கவலப்படாத" என்று சொல்லி, பையை மாட்டிக்கொண்டு மாமா மதுரை பஸ்ஸில் ஏறினார். நாகப்பட்டினத்தில் கப்பல்.

பங்குனியில் திரும்பி வந்தார், தனியாக. "தேடாத எடம் இல்ல யக்கா. ஆளு அம்புடல" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுது முடிப்பதற்குள் மாமா வாசலில் கதையை ஆரம்பித்திருந்தார்.

என்ன கதைகள்! மண்டி ஆட்களும் பக்கத்துவீட்டு அண்ணாச்சிகளும் தினமும் சாயங்காலம் கூடிவிடுவார்கள். பினாங்கில் அந்தக் கடையநல்லூர் பாய் தங்கவைத்த மாடி நீளக் கூடமாம். வரிசையாகப் பாய் விரித்து ஊர்ஊரான ஆட்கள் படுத்திருப்பார்களாம், தலைமாட்டில் ஆளுக்கொரு தகரப்பெட்டி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை, அதன் வாசலில் கோயில் வரிசை. தென்காசிக்காரன் ஒருவன் தூக்கத்தில் சீனம் பேசுவானாம். கீழே தெருவில் இறங்கினால் வண்டி வண்டியாகச் சோறு. நாலு குழம்பைக் கலந்து ஊற்றும் நாசி கண்டார், பெரிய இரும்புச் சட்டியில் நூடுல்ஸைத் தீ எழும்பப் புரட்டித் தரும் மீ கோரெங், ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றுகிற தேத்தண்ணி, மலாக்காவில் ஐஸ் சீவலில் பனைவெல்லம் ஊற்றிய செண்டோல். "அந்த ரொட்டிய அவன் வீசுததப் பாக்கணும் வே, வண்ணான் துணி தப்புத மாதிரி!" என்று துண்டை எடுத்து வீசிக் காட்டுவார். நானும் வாயில் எச்சில் ஊறக் கேட்டேன். ஈப்போவைப் பற்றி மட்டும் அவர் அதிகம் சொன்னதில்லை. "அது சின்ன ஊரு" என்று தாண்டிவிடுவார். ஈப்போ ஒன்றும் சின்ன ஊர் இல்லை என்பது எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்?

ஆடி பிறந்தது. ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் அம்மா கோயிலில் ஆடிச்சுற்று தொடங்கினாள். புருஷன் திரும்ப வேண்டுமென்று விடியுமுன் ஈரச்சேலையோடு சுற்றி, வீடு வந்து உலை வைத்து, மறுபடி போய்ச் சுற்றினாள். குதிகாலில் வெடிப்பு விட்டு ரத்தம் கசிந்தது. மாமா மண்டிக்குப் போகிற வழியில் கோயில் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். ஒருநாள் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொண்டுவந்து, "கால்ல போடு யக்கா" என்றார். அன்று அவர்மேல் எனக்குப் பிரியம் பொங்கியது. இன்றைக்கு நினைத்தால் அந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி எறியத் தோன்றுகிறது.

அம்மன் தபசு முடிந்து சாமி அவளுக்குக் காட்சி கொடுத்த மறுநாள், அம்மா உளுந்தம்பருப்புச் சோறு வைத்தாள். தொலி உளுந்தை வறுத்து, அரிசியோடு பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொங்குகிற சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அப்பாவுக்கு உயிர் என்பார்கள். அவர் போனதிலிருந்து அம்மா அதைச் சமைத்ததில்லை, நான் சாப்பிட்டதும் இல்லை. "இன்னைக்கு என்னமோ மனசு நெறஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே தம்பிக்கு இலை போட்டாள். மாமா முதல் கவளத்தை வாயில் வைத்தார், கண்ணை மூடினார்.

"யக்கா, இதுதான் பதம். ஈப்போவுல தேங்கா கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

அம்மாவின் கை அகப்பையோடு நின்றது. "ஈப்போவுல எந்தக் கடையிலலே உளுந்தஞ்சோறு விக்கான்?"

அது கடையில் விற்கிற சோறு இல்லை. எங்கள் ஊரிலேயே எந்த ஹோட்டலிலும் கிடைக்காது. எங்கள் வட்டாரத்து வீட்டு அடுப்புகளில் மட்டும் பொங்குவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். மாமா ஒரு முழு மனிதரையே இத்தனை மாதம் மறைத்துவிட்டு, சோற்றாலேயே அகப்பட்டார்.

அப்பாவுக்கு அங்கே ஒருத்தி பொங்கிப் போடுகிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அவ வீட்டுல கை நனைச்சியா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், சம்மதம் என்று முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் உறவை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அக்காவுக்காக நியாயம் கேட்கப் போன தம்பி, இன்னொருத்தி வைத்த இலையில் உட்கார்ந்திருக்கிறார். மாமா தலை நிமிராமல் சொன்னார்: "அத்தான் கையப் புடிச்சு உக்கார வச்சிட்டாரு யக்கா. ரெண்டு பிள்ளைய இருக்கு. 'ஒங்க அக்கா பக்குவம் வந்திருக்கா பாரு'ன்னு கேட்டாரு... உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணப்பிடாதுன்னு..."

"அப்போ இது எந்த வீடுலே? நான் கோயில சுத்துனத நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "கையக் கழுவு."

பாதிச் சாப்பாட்டில் ஒருவரை எழுப்புவதைப்போல அவமானம் எங்கள் ஊரில் வேறில்லை. மாமா இலையிலேயே கையைக் கழுவினார், துண்டை உதறித் தோளில் போட்டார், போனார். பையை எடுக்கவில்லை. பானையில் இருந்த மிச்சச் சோற்றை அம்மா அப்படியே மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்தாள். நான் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சோறு பொங்கவே இல்லை.

எண்பதுகளில் என் கல்யாணத்துக்கு மாமா வந்தார். தாய்மாமன் மாலையைப் போட்டார், சேலையை என் கையில் கொடுத்தார். பந்தி போட்டபோது ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டில் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். பாவம் என்றார்கள். எனக்குப் பாவமாக இல்லை. அப்பா போனவர், அவர் எனக்கு ஒரு பெயர் மட்டும்தான். மாமா எங்கள் சோற்றைத் தின்று எங்களோடு இருந்தவர். இருந்துகொண்டு செய்கிற துரோகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் செத்து இத்தனை வருஷமாகியும் முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, நானும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மலேசியாவுக்குப் போனேன். அடுக்குக் கட்டில் போட்ட விடுதிகளில், என் மகள் வயதுப் பெண்களோடு தங்கினேன். மேல் கட்டிலில் ஏற முடியாத எனக்குத் தன் கீழ்க் கட்டிலைக் கொடுத்தாள் ஒரு கொரியாப் பெண். பினாங்குத் தெருவில் நின்றபடியே நாசி கண்டார் சாப்பிட்டேன். ரொட்டி வீசுகிறவனைப் பார்த்தேன். மாமா சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. சாப்பாட்டைப் பற்றி அந்த மனிதர் பொய்யே சொன்னதில்லை.

ஈப்போவில் அப்பாவின் அந்த வீட்டு மகள் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். அப்பா இறந்தபோது என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னவள் அவள்தான். அப்பாவின் மூக்கு என்று படத்தில் பார்த்தது அவள் முகத்தில் இருந்தது. வீட்டில் தட்டு வைத்து மூடியைத் திறந்தாள். உளுந்தம்பருப்புச் சோறு.

"அப்பா சொல்லிக் கொடுத்தது அக்கா. உங்க அம்மா பக்குவம் வரணும்னு எங்கம்மாவ திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வாராம். எங்கம்மா அழுவாங்களாம்."

என் அம்மாவின் கைப்பக்குவம் இந்த உலகத்தில் இனி அந்தப் பாத்திரத்தில் மட்டும்தான் இருந்தது. என் நாக்கு அதை அறியாது. வயிறு சரியில்லை என்று சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, ஒரு டப்பாவில் அடைத்து என் பைக்குள் வைத்துவிட்டாள். கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டால் கை நனைத்த கணக்கா? கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இல்லை. பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு கோலாலம்பூர்வரை அதையே யோசித்தேன். வந்தும் யோசித்தேன்.

மறுநாள் மத்தியானம், விடுதியின் பொதுச் சமையலறையில், சாப்பிடுவது என்று தீர்மானித்து டப்பாவைத் திறந்தேன். தேங்காய் போட்ட சோறு. ஊசிப் போயிருந்தது, நூல் விட்டது. எல்லாவற்றையும் குப்பைக் கூடையில் கொட்டினேன். பையின் ஓரத்தில் கசிந்து கறை பிடித்திருந்தது. பையைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு, குழாயடியில் போய்க் கையைக் கழுவினேன்.