கோயில் பக்கம் அடித்தால் அவுட்டு

எங்கள் வீட்டில் உலகத்தின் பெரிய பெரிய மட்டையாளர்களுக்கெல்லாம் மரியாதையே கிடையாது. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் ஓர் ஆட்டக்காரர் நூறு அடித்துவிட்டு மட்டையை உயர்த்துவார். எங்கள் அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் சட்டை இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, "இவனுக்கு வெளிய போற பந்த சும்மா விடத் தெரியாதுலா, கை அரிக்கும்" என்பார். இன்னொருவர் எகிறி வரும் பந்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரை அப்பா ஆட்டக்காரர் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள மாட்டார். வாழ்நாளில் மட்டையைத் தொட்டே பார்க்காத அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சுழல் பந்துக்கு இந்தாளு காலு நகரவே மாட்டேங்குது பாருங்க" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். அவர்கள் சொன்னபடியே அந்த மகாராசன் அடுத்த ஆட்டத்தில் அவுட்டாகிவிட்டால், அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்புக்கே தனி ருசி வந்துவிடும்.

ஓட்டையே இல்லாத ஆட்டக்காரர் ஒருவர்தான். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மம்பா ஊருக்கு அப்பால், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்தில் எங்களோடுதான் இருந்தார். கொன்ட்ராக்டில் செம்பனைக் குலை வெட்டுவார். அந்தக் கையால் மட்டையைச் சுழற்றினால் பந்து தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தாண்டிச் செம்பனைக்குள் போய் விழும். 'எங்க மாமாவுக்கு எந்தப் பந்து போட்டாலும் அடிப்பாரு' என்று பள்ளியில் நான் வாயால் மட்டும் சொல்லவில்லை, ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்தும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்துத் திடலுக்கு ஒரு சட்டம் இருந்தது. மட்டை பிடித்து நிற்பவரின் நெஞ்சு பார்க்கும் பக்கம், அதாவது ஆஃப் சைடில், மாரியம்மன் கோயில். எப்போதோ ஒரு பந்து கோயிலின் தகரக் கூரையில் இடியாக விழுந்து, பூசாரி பந்தை மடியில் கட்டிக்கொண்டு தரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். அதிலிருந்து, கோயில் பக்கம் அடித்தால் அவுட்டு. யாரும் கை தூக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். அடித்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு தானாக வெளியே போய்விட வேண்டும். மாமா அந்தப் பக்கம் வரும் பந்துகளைத் தொடவே மாட்டார். நெஞ்சை நிமிர்த்தி, மட்டையைத் தூக்கி, ராஜா மாதிரி விட்டுவிடுவார். சாமிக்கு என்ன மரியாதை பாருங்கள் என்று எனக்குப் பூரித்துப் போகும்.

செனாவாங் டவுனில் இருந்த ஒரு தொழிற்சாலை அணியோடு எங்கள் தோட்டத்து அணிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஏற்பாடானது. அந்த அணியை நடத்திய சூப்பர்வைசர் அப்பாவுக்குப் பழக்கம். "உங்க மச்சான வந்து ஆடச் சொல்லுங்க. ஆளு சரியா இருந்தா ஆபீஸ்ல பேசி பெர்மனென்டா எடுத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். மாமாவுக்கு மழை பெய்தால் வேலை இல்லை, குலை குறைந்தால் வேலை இல்லை. நிலையான வேலை இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா பொழுது விடிந்தால் புலம்புவார். அதனால் அன்றைக்குத் தோட்டத்து வேனில் ஏறிய எல்லோருக்கும் தெரியும், மாமா இன்றைக்கு அடித்தாக வேண்டும்.

டவுன் திடல் பெரியது, புல் ஒட்ட வெட்டியிருந்தது. முதலில் ஆடியவர்கள் அவர்கள். பிறகு மாமா இறங்கி, கால் பக்கம் வந்த இரண்டு பந்துகளை எல்லைக்கு அனுப்பினார். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். அப்போது கண்ணாடி போட்ட, தொந்தி வைத்த ஒருவர் பந்துபோட வந்தார். எல்லாமே ஆஃப் சைடுக்கு வெளியே. மாமா ராஜா மாதிரி விட்டார். மறுபடியும் விட்டார். ஓட்டமே வரவில்லை.

தொந்திக்காரர் சிரித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "டேய், இவனுக்கு ஆஃப் சைடே இல்லடா! வெளியவே போடுவோம், சும்மா நிப்பான்லா."

எங்கள் மாமாவுக்கு ஓட்டையா! எனக்கு வந்த கோபத்தில் எல்லைக் கோட்டில் ஏறி நின்று கத்தினேன். "அது ஓட்ட இல்ல! அந்தப் பக்கம் கோயிலு இருக்கு!"

திடலில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நின்றிருந்தன. கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அப்பா மட்டும் எழுந்து நின்று, "டேய், அங்க கோயில் இல்லடா! அடிடா!" என்று கூவினார்.

அடுத்த பந்தும் வெளியேதான் வந்தது. மாமா காலை எங்கேயோ போட்டு, மட்டையை எப்படியோ வீசினார். பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பந்து எல்லைக் கோட்டுக்கு மேலே பறந்து மோட்டார்களுக்கு நடுவே விழுந்தது. எங்கள் பக்கம் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. அம்மா 'அய்யோ தாயே' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமாவும் போட்டுக்கொண்டார். பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

நடுவர் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றவர், "தம்பி, எங்க போற? ஆறுலா, ஆறு!" என்று பின்னாலேயே ஓடினார். மாமா திரும்பி வந்தார். எதிரணியில் பாதிப் பேர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள், சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல். அடுத்த பந்துக்கும் அதே மாதிரி மட்டையை வீசப்போய் மாமாவின் ஸ்டம்பு பறந்தது. நாங்கள் தோற்றோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேன் பக்கம் போய்விட்டார்.

சாமான்களைக் கட்டும்போது சூப்பர்வைசர் வந்தார். "ஏம்பா, ஆறு அடிச்சிட்டு ஏன் நடந்த?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பக்கம் அடிச்சா அவுட்டுதானே சார்" என்றார்.

அவர் அப்பாவின் தோளில் கை போட்டு, "பாத்தீங்களா! யாரும் கேக்கவே இல்ல, தானா நடந்துட்டான்லா. ஸ்டோர் சாவிய இவன்கிட்ட கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம். நாளைக்கு ஆபீசுக்கு அனுப்பி வைங்க" என்றார். அப்பா அவர் கையையே பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். மாமாவின் நடையைக் கேலி செய்கிறாரே என்று எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பள்ளியில் நான் தரையில் நடக்கவில்லை. எங்க மாமா ஒரே ஒரு ஆறுதான் அடிச்சாரு, ஃபேக்டரிக்காரங்க பயந்துபோய் வேலையைத் தூக்கிக் குடுத்துட்டாங்க என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். பந்து விழுந்த தூரத்தை ஒவ்வொரு வகுப்பிலும் கொஞ்சம் கூட்டினேன். அவர் தானாக வெளியே நடந்ததை மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மாமாவின் பெருமையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.