அறுபத்தொன்றாவது சீட்டு

சத்தியதாஸுக்கு யாரையும் அடிக்க வராது. ஆரியசாலையில் எலுமிச்சை மொத்தக் கடையில் காய் எண்ணிப் போடும் வேலை அவருக்கு. பதினைந்து வருஷத்தில் மூட்டை தூக்கும் ஒரு சுமட்டுக்காரரிடம்கூடக் குரல் உயர்த்தியதில்லை. அப்படிப்பட்டவர், அடித்தே ஜெயிக்க வேண்டிய ஒரு சீட்டு விளையாட்டில் வந்து மாட்டிக்கொண்டார்.

2003இல் ஸ்ரீவராகத்தில் என் ஸ்டேஷனரி கடை மாடியில் ஞாயிறு மதியம் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். யாரோ துபாயிலிருந்து பாக்கெட் பாக்கெட்டாகக் கொண்டுவந்த சீட்டுகள்: பூதம், வாள், நெருப்பு. அவரவர் பொறுக்கி, அறுபதுக்குக் குறையாமல் ஒரு கட்டு சேர்க்க வேண்டும். எதிராளியின் இருபது உயிர்ப் புள்ளிகளைத் தீர்த்தால் வெற்றி. விதிப்புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. இருபத்தெட்டு என்ற சீட்டாட்டத்தில் தோற்றவர் காதில் கேலிக்குக் குணுக்கு, அதாவது ஒரு தொங்கட்டான், மாட்டுவது ஊர் வழக்கம். இங்கே என் கடை பேப்பர் கிளிப்தான் குணுக்கு. ஒரு வருஷமாக அது சத்தியதாஸின் காதிலேயே குடியிருந்தது.

காரணம் அவருடைய கட்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வழியும் இருந்தது: தன் முறையில் எடுக்கச் சீட்டு இல்லாதவர் தோற்றார். அதை நான் வாசித்துச் சொன்ன நாளிலிருந்து, மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மதில், அகழி, மூடுபனிச் சீட்டுகளையெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அடிக்கிற சீட்டு ஒன்றுகூட இல்லை.

"அடிக்கதுக்கு மனசு வராது சேச்சி. அவங்க சீட்டு தீருவது வரை நான் தாங்கி நின்னாப் போருமே."

அந்த மதில் பாதி ஆட்டத்திலேயே இடிந்துவிடும். எனக்கே எரிச்சலாக இருக்கும்.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் சிபிதான் எங்கள் கூட்டத்தில் கெட்டிக்காரன். ஒரு ஞாயிறு அவன் பொறுமையிழந்தான். "அண்ணா, இது பயங்கர போரடிக்குது கேட்டோ. இன்னைக்குத் தோத்தா இந்தக் கட்டைப் பிரிச்சிரணும். சம்மதமா?"

சத்தியதாஸ் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தலையாட்டினார்.

காசு சுண்டியதில் அவர்தான் முதலில் ஆட வேண்டி வந்தது. முதலில் ஆடுபவருக்குத்தான் முதலில் சீட்டுத் தீரும். தொடக்கத்தில் கையில் ஏழு, பிறகு முறைக்கு ஒன்று. ஐம்பத்துமூன்று முறையில் அறுபதும் காலி. இது இருவருக்கும் தெரியும்.

சிபி அடித்தான். மதில் விழ விழ இவர் இன்னொன்றை வைத்தார். இவருக்கு மூன்று புள்ளி மிச்சமிருக்கையில் ஒரு மதில் இடியாமல் நின்றுவிட்டது. நான் காப்பியைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு சிபி அடிப்பதையே நிறுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். இனி எண்ணிக்கையே அவனுக்காக ஜெயிக்கும்.

ஐம்பத்துமூன்றாவது முறையில் சிபி தன் கடைசிச் சீட்டை எடுத்தான். சத்தியதாஸ் சீட்டுகளைச் சோப்பு டப்பாவில் வைத்திருப்பார். எலுமிச்சை எடுப்பதுபோல் பார்க்காமலே விரலால் எடுப்பார். இப்போது அவர் டப்பாவைத் தொடவில்லை. கிளிப்பை எடுத்துக் காதருகே கொண்டுபோனார்.

"டப்பாவைப் பார்த்துட்டு மாட்டிக்கோங்கோ," என்றேன். நடுவர் என்ற கடமைக்குச் சொன்னதுதான்.

அடியில் ஒரு சீட்டு இருந்தது. ஒரு மூடுபனி.

அவர் அதை எடுத்தார். அடுத்து சிபியின் முறை. எடுக்க அவனிடம் எதுவும் இல்லை.

"அது எங்ஙனெ? அறுபத்தொண்ணோ?" என்றான் சிபி.

அறுபதுக்குக் குறையக் கூடாது என்றுதான் விதி, கூடலாம். ஆனாலும் கட்டை எண்ணிக் காட்டச் சொன்னேன். சத்தியதாஸ் எல்லாவற்றையும் சேர்த்து, கடையில் காய் போடுகிற மாதிரியே முணுமுணுப்பாக எண்ணத் தொடங்கினார்.

"லாபம்... ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவர் கடையில் 'லாபம்' என்று சொல்லிப் போடும் முதல் காய் வாங்குபவருக்கு இனாம். அது கணக்கில் சேராது. இத்தனை நாளும் தன் கட்டையும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார். அவருக்கே அது தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

சிபி நல்ல பிள்ளை. கிளிப்பை வாங்கித் தானே மாட்டிக்கொண்டான். அடுத்த ஞாயிறு சீக்கிரமே வந்து, தன் கட்டை என் மேஜையில் வைத்து எண்ணினான். முதல் சீட்டைப் போடும்போது வாய்க்குள் என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்டது.