ஒக்ஸ்போட் பன்னிரண்டு

நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் தையற்கடை வைத்திருந்த முத்துக்குமாரு, கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவியே அதன் பெயரைச் சொல்லிவிடுவார். 1986 மாசியில், இலண்டனில் இருந்த அவருடைய அக்காவின் மகன் தயாபரன் கடிதம் போட்டான்.

"மாமா, நான் வேலை செய்யிற கடையிலை நல்ல ஒக்ஸ்போட் வந்திருக்கு. உங்களுக்கு அனுப்பப்போறன். அளவை எழுதுங்கோ."

ஒக்ஸ்போட் என்றால் சேட்டுத் துணிகளில் ராசா. ஒரு டொக்டருக்கு ஒரே ஒரு முறை அதில் தைத்திருக்கிறார். "பன்னிரண்டு போதும்" என்று அன்றைக்கே பதில் போட்டார். பன்னிரண்டு யார், அதாவது கெஜம், என்று விளக்கி எழுதவில்லை. துணியை வேறு எதில் அளப்பதாம்?

அந்தச் சந்தோசத்தில், பக்கத்து ஒழுங்கை பஸ் சாரதி நடராசாவுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். நடராசா ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். சித்திரையில் அவனுக்குக் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம்.

"எழுத்துக்கு இலண்டன் துணியிலை சேட்டுப் போடுறாய். தையல் என்ரை."

பங்குனிக் கடைசியில் பார்சல் வந்தது. பிரித்தால், கறுப்பாய் மினுங்கும் ஒரு சோடிச் சப்பாத்து. ஒவ்வொன்றும் சின்ன வள்ளமளவு. அடியில் 12 என்று அளவு பொறித்திருந்தது. முத்துக்குமாரு காலை விட்டுப் பார்த்தார். கால் நடந்தது, சப்பாத்து நின்ற இடத்திலேயே நின்றது.

"உதுக்குள்ளை பிள்ளையைக் கிடத்தலாம்" என்றாள் மனைவி பூரணம்.

அடுத்த வீட்டு ஆங்கில ரீச்சர் செல்வநாயகி அகராதியோடு வந்தார்.

"ஒக்ஸ்போட் எண்டால் ஒரு ஊர். அங்கை இருக்கிற பல்கலைக்கழகம். சேட்டுத் துணி. கயிறு கட்டுற சப்பாத்து. எல்லாத்துக்கும் ஒரே சொல்தான்."

"நல்ல காலம் ரீச்சர், பெடியன் ஊரை அனுப்பேல்லை."

சிரித்தாரே தவிர, நடராசாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்துக்கொண்டே சப்பாத்தைத் தையல் மேசையில் வைத்தார் முத்துக்குமாரு. அன்று பின்னேரமே அவன் வந்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண் முழுக்கச் சப்பாத்தில் இருந்தது.

"அண்ணை, ஒருக்காப் போட்டுப் பாக்கட்டோ?"

யாழ்ப்பாணத்துக் கடைகள் எதிலும் அவன் காலுக்குச் சப்பாத்து இருந்ததில்லை. எழுத்துக்கும் றப்பர் செருப்போடுதான் போவதாக இருந்தான். இது அளவெடுத்துச் செய்ததுபோல் ஏறியது. கடையை மூன்று தரம் சுற்றி நடந்தான்.

"நீயே வைச்சிரு" என்றார் முத்துக்குமாரு.

சேட்டை வெள்ளைப் பொப்ளினில் தைத்தார். கொலரை மட்டும் மூன்று தரம் பிரித்துத் தைத்தார்.

எழுத்தன்று அந்தக் கொலரை ஒருவரும் பார்க்கவில்லை. பதிவுகாரர்கூடப் பேனாவை மூடாமல் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"உதை எங்கை எடுத்தனீர்?"

கையெழுத்துப் போடும் பதற்றத்தில் வேர்த்துக்கொண்டிருந்த நடராசா, சேட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்தான். "எங்கடை முத்துக்குமாரு அண்ணைதான் தைச்சுத் தந்தவர்" என்று பலமாகச் சொன்னான். சபை முழுக்கக் கேட்டது.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கதிரையில் இருந்து, கழுவிய காலைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார்.

"ஐயோ, நான் சப்பாத்துத் தைக்கிறேல்லை!"

"ஓம் ஓம், நடராசாவுக்கு மட்டும்தான் தைப்பியள்" என்று அந்த மனிதர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்.